பல்லக்காவும் அழியாத ஃபோல்டரும்

பெற்றோர் வைத்த பெயர் அவருடைய அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி எங்கள் தெருவில் எல்லோருக்கும் அவர் பல்லக்காதான். பல் செய்கிற அக்கா என்பது வாயில் புரண்டு புரண்டு அப்படி ஆகிவிட்டது. பேருந்து நடத்துனரான அவர் கணவர், "மத்த பல்லக்கைத் தூக்க நாலு பேர் வேணும், இதைத் தூக்கறதுக்கு நான் ஒருத்தன்" என்பார். கல்யாணமான நாளிலிருந்து இதையேதான் சொல்கிறார். பல்லக்காவும் ஒவ்வொரு தடவையும் முதல்முறை கேட்பதுபோல முறைப்பார்.

என் முன்பற்கள் இரண்டும் அவர் செய்தவை. படியில் தடுக்கி விழுந்து பற்களைத் தொலைத்துவிட்டுப் போய் நின்றபோது, அளவு எடுப்பதற்கு முன்னால் என்னைக் கொஞ்ச நேரம் பேசச் சொல்லி உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல வெள்ளையாக வேண்டும் என்று கேட்டேன். "வெச்சுடலாம். அப்புறம் ஊர் உங்க பல்லைத்தான் பாக்கும், உங்களைப் பாக்காது. பரவாயில்லையா?" என்றார். சற்று மஞ்சளாகவே வாங்கிக்கொண்டு வந்தேன். அன்றிலிருந்து பழக்கம். இந்தக் கதையை அவரிடமிருந்தும், அவர் கணவரிடமிருந்தும், கணினி பழுது பார்ப்பவரிடமிருந்தும் பல தடவை கேட்டிருக்கிறேன். கடைசியில் நடந்த சிலவற்றுக்கு நானே சாட்சி.

பல் மருத்துவமனைக்குப் பின்னால், குறுகலான நடை ஒன்றின் முடிவில் அவர் வேலை செய்யும் அறை இருக்கிறது. ஒரே ஜன்னல். ஜன்னலோரம் நீண்ட மேசை. மேசையில் மெழுகு உருக்கும் சின்ன அடுப்பு, தாடை அச்சுகள், அச்சுக்கான மாவு கலக்கும் ரப்பர் கிண்ணம், பல்லை ராவுகிற கைமோட்டார். பேனா பிடிப்பதுபோல் பிடிக்கும் அந்த மோட்டாரின் முனையில் ஊசி போன்ற அரம் சுற்றும். வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு, வேகத்தைக் காட்ட ஒரு சின்னத் திரை. அந்த அறையில் எந்தப் பொருளைத் தொட்டாலும் விரலில் வெள்ளை ஒட்டும். பத்தொன்பது வயதில் அந்த மருத்துவமனையில் தட்டு கழுவ வந்தவர் பல்லக்கா. அப்போதிருந்த டாக்டரம்மாதான் அவர் கை நடுங்காததைக் கவனித்து, படிக்க அனுப்பி, இந்த மேசையில் உட்கார வைத்தார்.

அந்த அறையின் மூலையில்தான் கணினி இருந்தது. அது முதலில் மகளுக்காக வாங்கியது. ஒரே மகள். பள்ளியில் படிக்கும்போது அவளுக்கு வானப் பைத்தியம். எந்த நட்சத்திரம் எந்தப் பக்கம் என்று சாப்பாட்டுத் தட்டில் கடுகை நகர்த்திக் காட்டுவாள். அந்தப் படிப்புக்கு இடம் கிடைக்கவில்லை. பிறகு பிசியோதெரபி படித்து, வேறொரு ஊரில் நல்ல மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தாள். "வானத்தை விட்டுட்டு முதுகுவலியைப் புடிச்சிருக்கா" என்று அப்பா சொல்லுவார். அவள் போனபின் கணினி அம்மாவின் அறைக்கு வந்தது. தூங்கி எழ நேரமாகும் பழைய இயந்திரம் என்பதால் பல்லக்கா அதை அணைப்பதே இல்லை. அதற்கு ஒரு குணம் உண்டு. அவர் நாற்காலியை விட்டு எழுந்து போன கொஞ்ச நேரத்தில் உள்ளே இருக்கும் விசிறி இரைக்கத் தொடங்கும். திரும்பி வந்து மவுஸைத் தொட்டால் அடங்கிவிடும். "நீ இல்லாட்டி ஏக்கப் பெருமூச்சு விடுது" என்பார் கணவர். மாவுத் தூசி உள்ளே போயிருக்கும் என்று பல்லக்கா நினைத்துக்கொண்டிருந்தார்.

போன வருடம் இப்போதைய டாக்டர் ஒரு ஸ்கேனர் வாங்கினார். தாடை அச்சை அதற்குள் வைத்தால் அப்படியே கணினித் திரையில் உருவம் வந்து நிற்கும். பல்லக்காவுக்கு அது பிடித்துப்போனது. ஆனால் ஒவ்வொரு வாயும் கணினியில் ஏகப்பட்ட இடத்தை அடைத்தது. ஒரு வாரத்தில் இடம் போதவில்லை என்று சிவப்புக் கோடு வந்துவிட்டது.

சரி, பழையதைக் கழிக்கலாம் என்று உட்கார்ந்தார். கணவர் சேர்த்து வைத்திருந்த பாட்டுகள் போயின. யாரோ அனுப்பிய வீடியோக்கள் போயின. அப்போதுதான் அந்த ஃபோல்டர் கண்ணில் பட்டது. பெயரென்று சொல்ல முடியாத எழுத்தும் எண்ணுமான ஒரு கோர்வை. மற்ற எல்லாவற்றையும் சேர்த்தாலும் அதன் அளவுக்கு வராது. தேர்ந்தெடுத்து டெலீட்டை அழுத்தினார். வேறொரு புரோகிராம் இந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கிறது, அதை மூடிவிட்டு மறுபடி முயலுங்கள் என்று வந்தது.

திறந்திருந்த எல்லாவற்றையும் மூடினார். மறுபடி அதே வாசகம். கணினியை அணைத்துப் போட்டார். மறுபடி அதே. பெயரை மாற்றிப் பார்த்தார், வேறு இடத்துக்கு இழுத்துப் பார்த்தார். அசைந்து கொடுக்கவில்லை. உள்ளே இருந்த சின்னச் சின்ன ஃபைல்கள் மட்டும் அழிந்தன. அப்பாடா என்று வீட்டுக்குப் போய், மறுநாள் வந்து பார்த்தால் அதே இடத்தில் வேறு பெயரில் புதிதாக உட்கார்ந்திருந்தன.

"கரப்பான்பூச்சி மாதிரி இருக்கே. பேசாம மொத்தத்தையும் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கேன்" என்றார் கணவர்.

"அவசரப்படாதீங்க. அச்சு மாட்டிக்கிட்டா நான் இழுக்க மாட்டேன். எங்க புடிச்சிருக்குன்னு பாப்பேன். தெரியாம இழுத்தா உடையறது நம்ம சாமான்" என்றார் பல்லக்கா.

கணினி பழுது பார்ப்பவரை வரச் சொன்னார். தெருவில் அவருக்கு ஒயர் என்று பெயர். தொழிலும் அதுதான், உடம்பும் அதுதான். மத்தியானம் வந்து, நாற்காலியைத் துணியால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு உட்கார்ந்தார்.

"அக்கா, இதைப் பிடுங்கி எறிய வழி இருக்கு. மெஷின் முழுசா முழிக்கறதுக்கு முன்னாடியே புடிச்சு அழிச்சுடலாம். ஆனா யார் கையில இருக்குன்னு முதல்ல பாத்துடுவோம். சில சமயம் கேட்டா கொடுத்துடுவாங்க."

எந்த புரோகிராம் எந்த ஃபைலைப் பிடித்து வைத்திருக்கிறது என்று காட்டும் ஒரு பட்டியலைத் திறந்தார். விரலை ஓட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். "இவர்தான்."

"வைரஸா தம்பி?"

"இல்லக்கா. திருட்டுப் பயலா இருந்தா பேரை மறைப்பான். இது யார் நடத்தறாங்க, என்ன ஏதுன்னு எல்லாம் போட்டுட்டுத்தான் உக்காந்திருக்கு. நாமதான் திரும்பிப் பாக்கல."

அதன் மேல் அழுத்தினார். திரை கறுத்தது. கறுப்புக்குள் ஒரு கோளம் மெல்லச் சுழன்றது. கோளம் முழுக்கப் பொடிப் பொடியாகப் புள்ளிகள். கீழே எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒயர் வாசித்தார். வாசித்துக்கொண்டே இருந்தார். 

"என்னப்பா?"

"அக்கா, இது வானத்தைத் தேடிக்கிட்டிருக்கு."

அவர் தனக்குப் புரிந்ததைச் சொன்னார். எங்கேயோ ஒரு பெரிய கிண்ணம் போன்ற தொலைநோக்கி வானத்தைப் பார்த்து நிற்கிறது. அது ஒளியைப் பார்ப்பதில்லை, வானத்திலிருந்து வரும் ரேடியோ இரைச்சலைக் கேட்கிறது. கேட்டதையெல்லாம் கணக்குப் போட்டுப் பார்க்க அவர்களிடம் இருக்கும் இயந்திரங்கள் போதாது. அதனால் அந்த இரைச்சலைத் துண்டு துண்டாக வெட்டி, விருப்பப்பட்டவர்கள் வீட்டுக் கணினிகளுக்கு அனுப்புகிறார்கள். அந்தக் கணினி சும்மா இருக்கும் நேரத்தில் கணக்குப் போட்டுத் திருப்பி அனுப்பும். உடனே அடுத்த துண்டு வரும்.

"நீங்க எந்திரிச்சுப் போனா வேலையை ஆரம்பிக்கும். வந்து மவுஸைத் தொட்டா, நிறுத்திட்டு ஒதுங்கி நின்னுக்கும்."

பல்லக்கா விசிறியின் இரைச்சலை நினைத்தார். மாவு கலக்கப் போன நேரம், டீ குடிக்கப் போன நேரம், டாக்டர் கூப்பிட்டு முன்னறைக்குப் போன நேரம். "அப்ப நான் அந்தப் பக்கம் போறப்போ எல்லாம்…" என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

"ஆமாக்கா. அப்போ எல்லாம்."

"எத்தனை நாளா?"

"ஒன்பது வருஷத்துக்கு மேல ஆகுது. சேத்தவங்க பேரு…" ஒயர் ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படித்தார். "குட்டிப்பல்."

அது வீட்டில் மகளைக் கூப்பிடும் செல்லப் பெயர். பாற்பல் ஒன்று வெகுநாள் விழாமல் அடம்பிடித்ததால் வந்தது. பல்லக்கா அந்த இடத்திலேயே போன் போட்டார். மகள் ஒரு நோயாளிக்கும் இன்னொரு நோயாளிக்கும் நடுவில் இருந்தாள்.

"பாப்பா, கம்ப்யூட்டர்ல எதையாவது வானத்தைத் தேடுன்னு விட்டுட்டுப் போனியா?"

"என்னம்மா சொல்ற?" என்றாள். பிறகு மெதுவாக, "அது இன்னுமா ஓடுது?" என்றாள்.

"ஓடுது. அழிச்சா அழிய மாட்டேங்குது."

"அந்தக் காலேஜ்ல இடம் இல்லைன்னு வந்துச்சு இல்லம்மா, அந்த வாரம் போட்டேன். நான் போகலைன்னா என்ன, என் மெஷினாவது போகட்டும்னு. அப்புறம் சுத்தமா மறந்துட்டேன்."

அந்த வாரம் மகள் நன்றாகச் சாப்பிட்டாள், சிரித்துப் பேசினாள், வேறு படிப்புக்கு விண்ணப்பமும் போட்டாள். அழாத பெண் என்று பல்லக்கா எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லியிருந்தார். இப்போது கையில் போனை வைத்துக்கொண்டு, சுழன்றுகொண்டிருந்த புள்ளிகளைப் பார்த்தபடி நின்றார்.

ஒயர் கேட்டார். "இதை நிறுத்தினா ஃபைலெல்லாம் கையை விட்டுடும். நிறுத்தி அழிச்சுடட்டுமா?"

"இப்ப அதுக்குக் கையில வேலை இருக்கா?"

"இருக்கு. பாதி முடிஞ்சிருக்கு."

"முடிக்கட்டும் தம்பி. பாதி வேலையில யாரையும் எழுப்பக் கூடாது."

மறுநாள் காலை மருத்துவமனை திறக்கும் முன்பே மகள் போன் செய்தாள். "அம்மா, எங்க இருக்க? உக்காரு" என்றாள். நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று அந்தக் குரலில் தெரியாததால் பல்லக்கா உட்காரவில்லை.

பாஸ்வேர்டை எப்படியோ நினைவுபடுத்தி மகள் அந்த ஆய்வகத்தின் பக்கத்துக்குள் போயிருந்தாள். இதுவரை இப்படிக் கண்டுபிடித்த நட்சத்திரங்களை அங்கே வரிசையாகப் போட்டிருந்தார்கள். எந்தக் கணினிகள் கண்டுபிடித்தன என்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் இருந்தது. தவறு வரக் கூடாதென்று ஒரே துண்டை இரண்டு கணினிகளுக்கு அனுப்பி, விடை ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்களாம். ஒரு நட்சத்திரத்தின் பக்கத்தில் வேறொரு கண்டத்தில் உள்ள பள்ளிக்கூட நூலகத்தின் பெயர் இருந்தது. அதை அடுத்து, குட்டிப்பல்.

"நம்மதாம்மா. நம்ம மெஷின்தான். அதுக்கு முன்னாடி அது இருக்கறது யாருக்கும் தெரியாது. உலகத்துல ஒருத்தருக்கும் தெரியாது."

பல்லக்கா அப்போதுதான் உட்கார்ந்தார்.

இரண்டு வருடமாக அந்த ஆய்வகம் குட்டிப்பல்லைத் தேடியிருக்கிறது. பள்ளி நாட்களில் மகள் கொடுத்த மின்னஞ்சல் முகவரி எப்போதோ செத்துப்போயிருந்தது. குட்டிப்பல் என்பது ஆளா, ஊரா, எழுத்துப் பிழையா என்று அங்கே பெரிய விவாதமே நடந்ததாம். மகள் செய்தி அனுப்பிய அன்றே பதில் வந்துவிட்டது. அந்த நட்சத்திரத்தை ஆராயும் விஞ்ஞானி ஒரு பெண்மணி. கணினி இருக்கும் அறையை அவர் பார்க்க விரும்பினார்.

சனிக்கிழமை காலை போனில் வீடியோவில் பேசலாம் என்று முடிவானது. மகள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள், மொழிபெயர்க்க ஆள் வேண்டுமே. கணவர் வேலைக்குப் போகிற வழியில் சீருடையோடு வந்து நின்றார். ஒயர் கூப்பிடாமலே வந்தார். டாக்டர் வாசலில் சாய்ந்து நின்றார். கழன்ற முன்பல்லை ஒட்ட வந்திருந்த நான் டாக்டருக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பல்லக்கா மேசையை மூன்று தடவை துடைத்தும் வெள்ளை போகவில்லை.

திரையில் வந்தவர் நரைத்த தலையோடு, முழங்கை தேய்ந்த கம்பளிச் சட்டை போட்டிருந்தார். முதலில் அறையைக் காட்டச் சொன்னார். மகள் போனைச் சுற்றிக் காட்டினாள். அச்சுகள், மெழுகு, வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்த பல்செட்டுகள். அந்த அம்மா ஒவ்வொன்றையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். பிறகு நட்சத்திரத்தைப் பற்றிச் சொன்னார், மகள் தமிழில் சொன்னாள்.

"அது செத்துப்போன நட்சத்திரம்மா. வெடிச்சு, மிச்சம் உள்ள சுருங்கி இருக்கு. சூரியனை விட எடை ஜாஸ்தி. ஆனா அகலம் நம்ம ஊர் அளவுதான்."

"இந்த ஊர் அளவா?" என்று கணவர் கேட்டார். அவர் பேருந்து ஊரின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குத்தான் ஓடுகிறது. அந்த அகலத்தை அவரைவிட நன்றாக அறிந்தவர் அங்கே யாரும் இல்லை.

"ஆமாப்பா. அது தன்னைத் தானே சுத்திக்குது. ஒரு சுத்துக்கு ஒரு துடிப்பு நம்ம பக்கம் வரும். அந்தத் துடிப்பைத்தான் நம்ம மெஷின் இரைச்சலுக்குள்ள இருந்து பிரிச்சு எடுத்திருக்கு. ஆறாயிரம் வருஷத்துக்கு முன்னாடி அங்க இருந்து கிளம்பினது."

பல்லக்கா கேட்டார். "எவ்வளவு வேகமா சுத்துது?"

மகள் கேட்டுச் சொன்னாள். "ஒரு செகண்டுக்கு முந்நூறு தடவைக்குக் கொஞ்சம் கம்மி."

"நிமிஷத்துக்குச் சொல்லு."

மகள் போனில் பெருக்கினாள். "பதினேழாயிரத்துச் சொச்சம்."

பல்லக்காவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். மற்ற எல்லோருக்கும் அது ஒரு எண். அவருக்கு அது தினமும் கையில் பிடிக்கிற வேகம். பல்செட்டின் ஓரத்தை ராவும்போது மோட்டாரின் சின்னத் திரையில் அந்த எண்தான் நிற்கும். அந்த வேகத்தில் சுற்றுகிற அரம் கடுகளவுதான். அதிலும் மயிரிழை கோணல் இருந்தால் கை முழுக்க அதிரும். கவனிக்காவிட்டால் முறிந்து பறக்கும். ஒரு தடவை அப்படிப் பறந்த துண்டு ஜன்னல் கண்ணாடியில் இன்னும் கீறலாக இருக்கிறது.

"ஊர் அளவு சாமான்," என்று தனக்குள் சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னார். "அந்த வேகத்துலயா." பிறகு மகளிடம், "அது ஆடலையான்னு கேளு" என்றார்.

மகள் கேட்டாள். திரையில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பல்லக்காவையே பார்த்தார். பிறகு அவர் சொன்னதை மகள் தமிழில் சொன்னாள்.

"ஆடலைம்மா. இருக்கற கடிகாரத்துல எல்லாம் நல்ல கடிகாரத்தோட ஒப்பிட்டுப் பாத்தாங்களாம். அவ்வளவு சீரா சுத்துதாம். சத்தமா மாத்தி வெச்சிருக்காங்க, கேக்கறீங்களான்னு கேக்கறாங்க."

பல்லக்கா தலையசைத்தார். போனிலிருந்து ஒரு ரீங்காரம் வந்தது. துடிப்புகள் அத்தனை நெருக்கமாக இருந்ததால் தனித்தனியாகக் கேட்கவில்லை, ஒரே சுரமாகச் சேர்ந்திருந்தன. அடியில் மழைபோல இரைச்சல், அதன் மேல் நூல் பிடித்ததுபோல அந்த ஒற்றைச் சத்தம்.

பல்லக்கா எழுந்து மேசைக்குப் போனார். கைமோட்டாரை எடுத்து முடுக்கினார். அது கீச்சென்று உயரத்தில் பாடியது. திருகை மெல்லக் குறைத்தார். சத்தம் இறங்கி இறங்கி வந்தது. நட்சத்திரத்தின் சத்தத்தை நெருங்கியபோது இரண்டும் சேர்ந்து விம்மி விம்மி அதிர்ந்தன. இன்னும் ஒரு இழை திருப்பினார். விம்மல் மெதுவாகி நின்றது. போனிலிருந்து வருவது எது, அவர் கையிலிருந்து வருவது எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

டாக்டர் வாசலில் நிமிர்ந்து நின்றார். கணவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார், ஏன் என்று அவருக்கே தெரிந்திருக்காது.  திரையில் அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். அத்தனை வருட ஆராய்ச்சியில் தன் நட்சத்திரத்தை யாரும் கையில் பிடித்துக் காட்டியதில்லை என்று அவர் சொன்னதாக மகள் சொன்னாள்.  பல்லக்கா மோட்டாரை நிறுத்தவில்லை. மகளின் கையைப் பிடித்து இழுத்து, மோட்டாரைச் சுற்றி அவள் விரல்களை மூடி, தன் கையை அதன் மேல் வைத்துக்கொண்டார். "உன்னோடதுடி, பிடி" என்றார். ஒன்பது வருடம் முன்பு வராத அழுகை அவளுக்கு அப்போது வந்தது.

இடப் பிரச்சினை மட்டும் அப்படியே இருந்தது. திங்கட்கிழமை ஒயர் இன்னொரு டிஸ்க் கொண்டுவந்து மாட்டினார். புது வேலை எதுவும் வாங்காதே என்று அந்த புரோகிராமுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார்கள். கையில் இருந்த கடைசித் துண்டை முடித்து அனுப்பிவிட்டு அது தானாக ஓய்ந்தது. விசிறி அடங்கியது. ஒயர் மவுஸை நகர்த்தி வைத்தார். "இப்ப அழுத்துங்கக்கா, யாரும் புடிச்சிருக்கல."

பல்லக்கா அந்த ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்து டெலீட்டை அழுத்தினார். அத்தனை நாள் முரண்டு பிடித்தது, கேள்வி முறையில்லாமல் போய்விட்டது. சிவப்புக் கோடு மறைந்தது. அது இருந்த இடத்தையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். "போனது எல்லாம் கணக்குப் போட்ட தாள்தான்க்கா. விடை அவங்ககிட்ட போயாச்சு" என்று ஒயர் சமாதானம் சொன்னார். பிறகு புது டிஸ்கில் அதே புரோகிராமைப் போட்டார். பெயர் என்ன கொடுக்கட்டும் என்று கேட்டார். பழைய பெயரே இருக்கட்டும் என்றார் பல்லக்கா.

மகள் ஊருக்குத் திரும்பும் முன் ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போனாள். அந்த நட்சத்திரம் கண்ணுக்குத் தெரியாது, எந்தக் கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் தெரியாது. அதோடு இந்த மாதம் அது பகலில்தான் மேலே வருகிறது. நண்பகல் வாக்கில் நேராகத் தலைக்கு மேலே இருக்கும்.

அதற்கடுத்த நாள் சாப்பாட்டு நேரத்தில் பல்லக்கா தன் வீட்டு மாடிப்படி ஏறிப் போனதைப் பக்கத்து மாடியிலிருந்து பார்த்தேன். மொட்டை மாடியில் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. வெயிலில் கண் கூசியது. அவர் கணவர் காலைப் பேருந்து நடைகள் முடிந்து வந்து தண்ணீர்த் தொட்டியின் நிழலில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருந்தார். பல்லக்கா நடுமாடியில் நின்று, நெற்றிக்கு மேல் கையை வைத்து, வெளுத்த வானத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன தெரியுது?" என்று கணவர் கேட்டார்.

"ஒண்ணுமில்லை."

"அப்புறம் எதுக்கு நிக்கற?"

"அங்கதாங்க இருக்கு."

கணவர் டப்பாவை மூடி வைத்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றார். அவரும் நிமிர்ந்து பார்த்தார். கண்ணில் நீர் வரும்வரை இரண்டு பேரும் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.